கல்லாய்ப் போன பெடல்

இந்த வாரம் கொஞ்சம் கிரீஸ் வாசனையோடு வருகிறேன், பொறுத்துக் கொள்ளவும். கார் இல்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். என்றைக்காவது யாரோ ஓட்டுகிற காரில் பின் சீட்டில் உட்கார்ந்து மலையிறங்கத்தான் போகிறீர்கள்.

பிரேக் மக்கர் பண்ணுவதில் இரண்டு ரகம். மிதித்தால் பெடல் இலவம் பஞ்சுத் தலையணை மாதிரி அமுங்கி, தரையைத் தொட்ட பிறகும் வண்டி பாட்டுக்குப் போய்க் கொண்டிருப்பது ஒன்று. மிதித்தால் பெடல் அம்மிக்கல் மாதிரி நின்றுகொண்டு, 'நீ யாரய்யா என்னை அமுக்க?' என்று கேட்பது இன்னொன்று. இரண்டிலும் வண்டி நிற்காது என்பதால் நாம் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்: 'பிரேக் சரியில்லை.' வயிற்றுப் போக்கு, மலச்சிக்கல் இரண்டையும் டாக்டரிடம் 'வயிறு சரியில்லை' என்று சொல்கிற மாதிரி. மருந்து நேர் எதிர் ஆயிற்றே!

பஞ்சு ரகத்துக்குக் காரணம் பெரும்பாலும் பிரேக் ஆயில் சமாச்சாரம். ஆயில் குறைந்திருக்கும், குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் தேய்ந்திருக்கும். அது பாட்டி காலத்து வைத்தியம், எந்த மரத்தடி மெக்கானிக்கும் பார்த்துவிடுவார். கல் ரகம்தான் ஆளைக் குழப்புகிறது.

சேலத்தில் மாமனார் வீட்டில் ஒரு விசேஷம். மறுநாள் எல்லோரும் ஏற்காடு போவதாக ஏற்பாடு. குழந்தை குட்டிகளுக்கு ஒரு வேன். நான், மாமனார், மாமியார் மூவரும் சகலையின் காரில். பெட்ரோல் கார், வயது பன்னிரண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்து திண்ணையில் வெற்றிலை போடும்போது சகலை மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணா, ஒரு சங்கதிங்க. பத்து நாளா பிரேக்கு கல்லாட்டம் இருக்குதுங்க. ஏறி நின்னாத்தான் நிக்குது."

"ஒர்க் ஷாப்புல காட்டலியா?"

காட்டியிருக்கிறார். எஸ்டிமேட்டே கொடுத்திருக்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டர், முன் டிஸ்க் இரண்டு, பேடு ஒரு செட், ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து 13,800 ரூபாய். அதற்கும் கீழே தனியாக ஒரு வரி: 'ஐட்லிங்கில் நடுக்கம், என்ஜின் டியூனிங், 2,200.' ஆக மொத்தம் 16,000. ஒரு சின்னப் பவுன் மோதிரத்துக்கு அச்சாரம் கொடுக்கலாம்.

உள்ளேயிருந்து மாமியார் குரல் கேட்டது. "சின்ன மாப்பிள்ளை, நான் பஸ்ஸுலயே வந்துடறேன். எனக்கு இன்னும் ரெண்டு பேத்திக்குக் கல்யாணம் பார்க்கணும்."

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாமியாரின் பயம் நியாயமானது. ஆனால் அந்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். மாஸ்டர் சிலிண்டர் கெட்டால் பெடல் அமுங்க வேண்டும். கல்லாவதாவது? போக்குக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைச் சிக்கலுக்கு எழுதியிருக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது!

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். காரை நிறுத்துவது உங்கள் கால் என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்கள். இல்லை சார். கால் வெறுமனே சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறது. வேலையை முடித்துக் கொடுப்பவர் வேறு ஆள்.

பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கத்துச் சுவரோரம் கறுப்பாக, சப்பையாக, கல்யாண வீட்டு சாம்பார்த் தூக்குக்கு மூடி போட்ட மாதிரி ஒரு டப்பா தெரியும். அதற்குப் பெயர் பூஸ்டர். நடுவே ஒரு ரப்பர் திரை, அதற்கு முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை. பெட்ரோல் என்ஜின் மூச்சை உள்ளே இழுக்கும்போது, ஒரு ரப்பர் குழாய் வழியாக இந்த டப்பாவின் காற்றையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. இரண்டு அறையும் ஏறக்குறைய காலி. நீங்கள் பெடலில் கால் வைத்ததும் பின்னறைக்கு மட்டும் வெளிக்காற்று திறந்து விடப்படுகிறது. முன்னால் காற்றில்லை, பின்னால் காற்று. திரை முன்னே தள்ளப்படுகிறது, அது மாஸ்டர் சிலிண்டரை அமுக்குகிறது.

காற்றென்ன தள்ளிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. நம் தலைமேல் இருக்கும் காற்று சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ எடையோடு அழுத்துகிறது. ஐட்லிங்கில் ஓடும் ஆரோக்கியமான என்ஜின் அதில் 0.6 கிலோ அளவுக்கு வெற்றிடம் உண்டாக்கும். திரையின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 190 கிலோ! இரண்டு தொந்தியுள்ள பெரிய மனிதர்கள் உங்கள் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நீங்கள் கட்டைவிரலை அசைத்ததும் சேர்ந்து தள்ளுகிறார்கள். அவர்கள் லீவு போட்டால் பெடல் கல்லாகத்தான் இருக்கும்.

ஜெர்மனியில் மாக்டெபர்க் நகரத்து மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக் என்பவர் 17-ம் நூற்றாண்டிலேயே இந்த சூட்சுமத்தைக் காட்டிவிட்டார். இரண்டு செம்புக் கிண்ணங்களை வாயோடு வாய் சேர்த்து, உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டு, இரண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்தார். குதிரைகளால் பிரிக்க முடியவில்லை. (மேயர்கள் அப்போதெல்லாம் இப்படிப்பட்ட வேலைகளும் செய்திருக்கிறார்கள்.) அதை கார் பிரேக்கில் கொண்டுவந்து சேர்க்க 1927 வரை ஆயிற்று. ஆல்பெர்ட் டெவாண்டர் என்ற பெல்ஜியம் நாட்டு என்ஜினீயர் செய்தார்.

பஸ், லாரி நிற்கும்போது 'புஸ்ஸ்' என்று கேட்குமே, அது வேறு வம்சம். அங்கே காற்றை அடைத்து வைத்து அழுத்துகிறார்கள். காரில் காற்று இல்லாமையை அடைத்து வைத்து அழுத்துகிறோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் வைத்தியம் ஆரம்பமானது. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்தச் சோதனைகளுக்கு ஸ்பானர்கூட வேண்டாம், கால் ஒன்று இருந்தால் போதும். ஹாண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் முட்டுக் கொடுத்தோம்.

"என்ஜினை ஆஃப் பண்ணிட்டு அஞ்சாறு தடவை மிதிங்க."

மிதித்தார். "கல்லாயிடுச்சுங்ணா."

இதுவரை தப்பில்லை. எந்தக் காரிலும் என்ஜின் ஓடாதபோது அஞ்சாறு மிதியில் சேமிப்பு தீர்ந்து பெடல் இறுகத்தான் செய்யும். விஷயம் அடுத்ததில் இருக்கிறது.

"காலை எடுக்காம, அமுக்கிப் புடிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க."

என்ஜின் பிடித்தது. நல்ல வண்டியாக இருந்தால், வெற்றிடம் உண்டான அந்தக் கணமே காலுக்கடியில் பெடல் ஒரு விரற்கடை தானாக இறங்க வேண்டும். யாரோ கையைப் பிடித்து 'வா' என்கிற மாதிரி இருக்கும். சகலை உதட்டைப் பிதுக்கினார். "அசையலீங்ணா."

இரண்டாவது சோதனை. ஒரு நிமிஷம் ஓட விட்டு என்ஜினை அணைக்க வேண்டும். உடனே நிதானமாக மூன்று மிதி. முதல் மிதி நன்றாக உள்ளே போய், இரண்டாவது கொஞ்சம் மேலே நின்று, மூன்றாவது இன்னும் மேலே நின்றால் டப்பாவில் சேமிப்பு தங்குகிறது என்று அர்த்தம். சகலையின் காரில் முதல் மிதியே கல். மாசக் கடைசி பாங்க் பாஸ்புக் மாதிரி, சேமிப்பு பூஜ்யம்.

ஆக, குற்றவாளி சக்கரத்தில் இல்லை. பெடலுக்கும் என்ஜினுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறான். இந்த இரண்டு சோதனையும் தேறியிருந்தால் நான் பேசாமல் ஒதுங்கியிருப்பேன். கேலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், பேடு சூடேறிப் பளபளவென்று கண்ணாடியாகியிருக்கலாம், பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கலாம். அதெல்லாம் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை.

பானெட்டைத் திறந்தோம். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் வருமே ஒரு 'ஸ்ஸ்ஸ்', அந்தச் சத்தம். என்ஜின் வேறு குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கிக் கொண்டிருந்தது. அந்த ரப்பர் குழாயை, என்ஜினில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், துணி சுற்றிய பிளையரால் மெல்ல நெரித்தேன். உடனே சத்தம் நின்றது. நடுக்கமும் நின்றது! என்ஜின் பூனை மாதிரி உறுமியது. பிளையரை எடுத்ததும் மறுபடி ஸ்ஸ்ஸ், மறுபடி ஜுரம். (வேட்டி, துண்டு, முந்தானை எதுவும் ஓடுகிற பெல்ட், ஃபேன் பக்கத்தில் போகக் கூடாது. நான் லுங்கியை மாற்றி பேண்ட் போட்டுக்கொண்ட பிறகுதான் மாமியார் அனுமதித்தார்.)

குழாய் பூஸ்டரின் மூக்கில் ஏறுகிற வளைவில், அடிப்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பிளவு. பன்னிரண்டு வருஷ என்ஜின் சூட்டில் ரப்பர் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போய் டப்பா காலியாகவே முடியாமல் செய்தது. அதே காற்று என்ஜினுக்குள்ளும் கணக்கில்லாமல் புகுந்து ஐட்லிங்கைக் கெடுத்தது. எஸ்டிமேட்டில் தனித்தனியாகப் போட்டிருந்த 13,800, 2,200 இரண்டும் ஒரே ஓட்டை!

ஒர்க் ஷாப்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். கம்ப்ளெயின்ட் என்ற இடத்தில் சகலை சொன்னபடியே எழுதியிருக்கிறார்கள், 'பிரேக் சரியில்லை' என்று. அவர்கள் சரியில்லாத பிரேக்குக்கு வழக்கமாக மாற்றுகிறதையெல்லாம் எழுதிவிட்டார்கள். சக்கரத்து இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்ததில் பேடு முக்கால்வாசி மிச்சமிருந்தது. 'பெடல் கல்லாக இருக்கிறது, ஸ்டார்ட் பண்ணினால் இறங்கவில்லை' என்று சொல்லியிருந்தால் அந்தக் கார்டில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள் என்பது என் கட்சி.

ஒன்பது மணிக்குக் கடை திறந்தார்கள். முதல் கடைப் பையன் ரொம்ப சமர்த்து. கூலருக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாயை ஒரு அடி வெட்டி, "இதைச் சொருகிக் கிளிப் போட்டுடுங்க சார், நாப்பது ரூவா" என்றான். அது உறிஞ்சலில் சப்பையாக ஒட்டிக் கொள்ளும். இளநீர் ஸ்ட்ராவைப் பலமாக உறிஞ்சினால் ஒட்டிக் கொள்கிற மாதிரி. இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் அதே ஜாதிக் காரியம்தான், சூட்டில் இளகி, நடு ரோட்டில் நம்மைக் கைவிடும். இரண்டாவது கடையில் அந்தக் காருக்கென்றே செய்த குழாய் கிடைத்தது, 640 ரூபாய். நடுவிலேயே ஒரு ஒன்-வே வால்வு சேர்ந்திருக்கும். சில கார்களில் இது தனியாக டப்பாவின் மூக்கில் செருகியிருக்கும்.

இந்த ஒன்-வே வால்வு ஒரு நல்ல காவல்காரன். டப்பாவிலிருந்து காற்றை என்ஜின் பக்கம் போக விடுவான், திரும்பி வர விடமாட்டான். அதனால்தான் என்ஜின் அணைந்த பிறகும் இரண்டு மூன்று மிதிக்குச் சேமிப்பு இருக்கிறது. வாயால் ஊதியே சோதிக்கலாம். ஒரு பக்கம் ஊதினால் போக வேண்டும், மறுபக்கம் ஊதினால் கன்னம் உப்ப வேண்டும். இரண்டு பக்கமும் போனால் தூக்கி எறியவும். மாட்டும்போது அதன் மேலிருக்கும் அம்புக்குறி என்ஜினைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் பழைய கல்தான்.

குழாய் புதிதாக இருந்தும் சோதனை தேறாவிட்டால், பெடலை அமுக்கிப் பிடிக்கும்போது உங்கள் காலடியில், காருக்குள்ளேயே, விடாமல் 'ஸ்ஸ்' கேட்கிறதா என்று கவனியுங்கள். மிதிக்கிற கணத்தில் சின்னப் பெருமூச்சு சகஜம். விடாமல் கேட்டால் டப்பாவுக்குள் ரப்பர் திரையே கிழிந்திருக்கும். அப்போது பூஸ்டரை முழுசாக மாற்ற வேண்டியதுதான். அதுவும் பெரிய மெக்கானிக் கையால்.

டீசல் கார்க்காரர்கள் 'எங்களுக்கு?' என்று கேட்பது காதில் விழுகிறது. டீசல் என்ஜின் பெட்ரோல் என்ஜின் மாதிரி மூச்சைத் தம் கட்டி இழுப்பதில்லை, வாயை அகலத் திறந்தே வைத்திருக்கும். ஆகவே வெற்றிடத்துக்குத் தனியாக ஒரு பம்ப். பல கார்களில் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். அங்கே பெடல் கல்லானால் குழாயோடு அந்தப் பம்பையும் விசாரிக்க வேண்டும். எலெக்ட்ரிக் காரில் உறிஞ்சுவதற்கு என்ஜினே கிடையாது. மின்சாரப் பம்ப் வைக்கிறார்கள், அல்லது மோட்டாரையே தள்ளச் சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவையும் விட முக்கியம், ஓடுகிற வண்டியில் இது நேர்ந்தால் என்ன செய்வது? பஞ்சு ரகமானால் 'பம்ப்' அடிக்க வேண்டும். டக்டக்கென்று பல தடவை மிதித்தால் பெடல் கொஞ்சம் மேலே வரும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஒரு வைத்தியம்தான் தெரியும். கல்லுக்கும் அதையே செய்கிறார்கள். செய்யவே கூடாது! ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்ச நஞ்ச சேமிப்பும் காலி. கல் ரகத்துக்கு ஒரே மிதி. முதுகை சீட்டில் நன்றாகச் சாய்த்து, வேண்டுமானால் இரண்டு காலையும் வைத்து, எடுக்காமல் அழுத்த வேண்டும். பூஸ்டர் போனாலும் ஆயில் குழாய் முழுசாக இருக்கிறது, பேடு டிஸ்க்கைக் கவ்வத்தான் செய்யும். அந்த இரண்டு தொந்தி மனிதர்கள் செய்த வேலையை உங்கள் தொடை செய்ய வேண்டும், அவ்வளவுதான். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹாண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். சாவியில் கை போகக் கூடாது.

பத்தரை மணிக்கு மறுபடி சோதனை. பெடலை அமுக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினார் சகலை. முகம் மலர்ந்தது. "இறங்குதுங்ணா!" தெருமுனை வரை ஐந்தாறு தடவை வேகமெடுத்து நிறுத்திப் பார்த்தோம். என்ஜினும் நடுங்கவில்லை. மாமியார் சக்கரத்துக்கடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்துக்கும் இதில் பங்கு உண்டென்று அவர் கருதுகிறார். நான் மறுக்கவில்லை.

ஏற்காடு சுகமாக முடிந்தது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றே கொஞ்சம் மெலிசு, எனவே பூஸ்டரின் பலமும் அங்கே ஒரு பிடி குறைவு. காலில் தெரிகிற அளவுக்கு இல்லை. சாயங்காலம் இறங்க ஆரம்பித்தோம்.

மாமனார் இருபத்தைந்து வருஷம் அம்பாசடர் ஓட்டியவர். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு, சாவியையும் திருப்பி, சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் அடிவாரம் சேருவது அந்தக் காலத்து சாமர்த்தியம். அந்தப் பழைய அம்பாசடரில் பூஸ்டரே கிடையாது. என்ஜின் ஓடினாலும் அணைந்தாலும் பெடல் ஒரே கனம்தான், ஆகவே பிழைத்தார்கள். இன்றைய காரில் என்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று மிதிதான் சேமிப்பு, வளைவுகளோ இருபது. மூன்றாவது வளைவிலேயே நல்ல காரும் சகலையின் கார் மாதிரி ஆகிவிடும். போதாதற்கு ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். மிச்சமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்கள் கியரில் இறங்கும்போது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலைத் தாமாகவே நிறுத்திக் கொள்கின்றன. நியூட்ரலில் ஓட விட்டால்தான் ஐட்லிங்குக்குச் செலவு.

சகலை இரண்டாவது கியரில் கவனமாக இறக்கிக் கொண்டிருந்தார். பின் சீட்டில் மாமனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாப்ளே, நியூட்ரல் போட்டு ஆஃப் பண்ணிடுங்களேன். வீணா எதுக்கு உறுமிக்கிட்டு வருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக் கொண்டார். "நீங்க சும்மா வாங்க. முன்னால ஒரு டப்பா இருக்காம். இன்ஜின் ஓடினாத்தான் அது காலியா இருக்குமாம். அது காலியா இருந்தாத்தான் நாம வீடு போய்ச் சேருவோமாம். காலையிலேருந்து பார்த்துட்டுத்தானே இருக்கேன்!"

மாமனார் இரண்டு வளைவு வரை ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது வளைவில் முன் சீட்டுக்குக் குனிந்து என் காதருகே கேட்டார்:

"காலி டப்பாவுக்கா பெரிய மாப்ளே, அறுநூத்தி நாப்பது ரூவா குடுத்தீங்க?"